பனிக்காலத்தில் அனுப்பிய வயலட்டு இலைகள்

1

பெட்டி கட்டிய அன்று செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் இருந்தவர்கள்: துரைசானி. நான். என் வீட்டுக்காரி பாவாயி. எங்கள் மகள் அருக்காணி. ஊருக்குக் கிளம்பி நின்ற கருப்பண்ணன். துரைசானியின் நாய் வாசலில் படுத்திருந்தது. அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

இன்று காலை கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. நுவரெலியாவில் தை மாதம் சில நாள் இப்படி விழும். உப்புத் தூவியது போல் இருக்கும், மிதித்தால் நொறுங்கும். வெயில் ஏறியதும் போய்விடும். போகும்போது இளசாக இருந்ததையெல்லாம் கறுக்க வைத்துவிட்டுப் போகும். வருஷா வருஷம் முதல் வெள்ளை விழுகிற காலையில் எனக்கு அந்தப் பெட்டி நினைப்புக்கு வருகிறது. அது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. சண்டையும் முடிந்துவிட்டது. இது முடியவில்லை.

என் பெயர் செங்கோடன். சேலம் ஜில்லா, மல்லசமுத்திரம் பக்கம். இலங்கைக்கு வந்தபோது கல்யாணமாகிப் புதிது. இப்போது பேரன் இருக்கிறான். எனக்குப் படிப்புக் குறைவு. தேயிலைத் தோட்டத்து ராப்பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றேன். சுருக்கமாகத்தான் எழுத வரும். ஊரில் இருக்கிறவர்கள் கண்டிச் சீமையைப் பற்றிப் பலதும் கேட்டிருப்பீர்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று. நான் எழுதுவது ஒரு பெட்டி இலையைப் பற்றி மட்டும்.

2

வந்த மறுநாள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்தார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்ததும், "வாரேனுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கங்காணி திருச்சிப் பக்கத்துக்காரர்.

"நீ வர வேணாம்ப்பா, வந்துட்டே. இருக்கேன்னு சொல்லு," என்றார்.

இருக்கேன் என்றேன். அன்றிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்துக் காட்டில் எட்டு வருஷம் தேயிலைச் செடியின் தலையைத் தறிக்கிற கவ்வாத்து வெட்டினேன். பிறகு ஒரு துரை வீட்டுக்குப் பூந்தோட்ட வேலைக்கு ஆள் கேட்டார்கள். என் தகப்பனார் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர். நானும் சிறு வயதில் அவரோடு இலை கிள்ளியிருக்கிறேன். அதைச் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுத் துரைசானிதான் வயலட்டு வளர்த்தவர்.

அதன் முழுப்பெயர் ஆப்பிரிக்கன் வயலட் என்பார். எங்களுக்கு வயலட்டு. ஒரு சாண் உயரம்கூட வராத செடி. இலை வட்டமாக, தடிப்பாக இருக்கும். மேலே பூனைக்குட்டிக்கு இருப்பது போல மயிர். பூ ஊதா. ஊதாவிலேயே பல ஊதா. துரைசானி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். எனக்கு அது நாக்கில் நிற்காது. நான் நாவல்பழம், கத்தரிக்காய், புறாக்கழுத்து என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவரும் "புறாக்கழுத்து எப்படி இருக்குது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இந்தச் செடிக்கு விதை வேண்டாம். ஒரு இலையைக் காம்போடு எடுத்து மணலில் நட்டால் காம்படியில் குஞ்சு வெடிக்கும். ஒரு இலையிலிருந்து நாலைந்து செடி எடுக்கலாம். அவ்வளவு சுலபம். சாகடிப்பது அதைவிடச் சுலபம்.

ஆரம்பத்தில் நானே சில செடிகளைக் கெடுத்தேன். எங்களுக்கு இலை என்றால் வெற்றிலை. வெற்றிலையைக் கிள்ளியதும் தண்ணீர் தெளிப்போம். அடுக்கிக் கட்டின பிறகும் தெளிப்போம். வாழைச் சருகில் சுற்றி நாரால் இறுக்கி வண்டியில் ஏற்றினால், வழியில் கிணறு கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தெளிப்போம். நனைந்த இலைதான் சந்தைக்குப் போய்ச் சேரும். இலையைப் பார்த்தால் எங்கள் கை தானாகத் தண்ணீரைத் தேடும். வயலட்டுக்கும் அப்படியே தெளித்தேன். மறுநாள் இலையெல்லாம் தேமல் விழுந்தது போல வெள்ளைப் புள்ளி. பிறகு அந்த இடம் அழுகிற்று.

துரைசானி வந்து பார்த்தார். அவருக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் வரும்.

"செங்கோடா, இதுக்குக் குளி ஆகாது," என்றார்.

குளிப்பாட்டக் கூடாது என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்துக் காற்று வந்தபோது ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். ஒரு வரிசைச் செடி வாடிவிட்டது. "குளி ஆகாதுன்னு சொன்னேனே," என்று மறுபடியும் கத்தினார். அப்போதுதான் தெரிந்தது, அவர் சொல்ல வந்தது குளிர். பாவாயி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் துரைசானி சொன்னது இரண்டு விதத்திலும் சரி. அந்தச் செடிக்குக் குளியும் ஆகாது, குளிரும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ஒரு ராத்திரி தாங்காது. இலை கறுத்துக் கூழாகிவிடும்.

இதை அருக்காணிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் பதினைந்து வயதானபோது கண்ணாடி வீட்டில் எனக்குத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் விட்டு, தொட்டியை அதில் உட்கார வைத்து, அடி வழியாகக் குடிக்க விடுவாள். இலைமேல் ஒரு சொட்டு விழாது. என்னைவிட அவளுக்குக் கைப்பதம் நன்றாக வந்தது.

3

அந்தத் துரைசானி சீமைக்குத் திரும்பிப் போவது என்று முடிவாயிற்று. துரைக்கு உடம்புக்கு முடியவில்லை. வீடு வேறு கைக்கு மாறும், தோட்டக்காரனுக்கு இருந்த அறையும் போகும், நாங்கள் மறுபடியும் லயத்துக்குப் போக வேண்டும். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். புகையும் ஈரமும்.

அப்போது துரைசானி ஒரு வழி சொன்னார். அவருடைய சிநேகிதி ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அவருக்கு இந்த வயலட்டு எல்லா நிறத்திலும் வேண்டும். வளர்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இலைகளை முன்னால் அனுப்பு, உயிரோடு போய்ச் சேர்ந்தால் உன்னையே கூப்பிட்டுக்கொள்வார், குடியிருக்க வீடும் தருவார் என்றார். போய்ச் சேராவிட்டால் அந்த அம்மாள் பெங்களூரிலிருந்து செடியும் ஆளும் வரவழைத்துக்கொள்வார்.

ஏற்காடு. மல்லசமுத்திரத்தில் மழை விட்ட மறுநாள் வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். இலை பிழைத்தால் நான் அந்த மலைக்கு மேலே நின்று எங்கள் பக்கத்தைப் பார்க்கலாம்.

இன்னொரு காரியமும் இதில் மாட்டியிருந்தது. என் அக்கா நல்லாயிக்கு ஒரு மகன், குமரேசன். அருக்காணிக்கு முறை மாப்பிள்ளை. அக்கா பல வருஷமாக வாய்வார்த்தை வைத்திருந்தாள். ஆனால் கண்டிச் சீமையிலிருந்து பெண்ணை மட்டும் கொண்டுவந்து விட்டுப் போகக் கூடாது, குடும்பத்தோடு வந்து சேர வேண்டும் என்பது அவள் கட்டு. "பொறந்த ஊடு கடலுக்கு அக்கட்டால இருந்தா, புள்ளைக்கு நல்லது பொல்லாதுக்கு யாரு வருவாங்க?" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். இந்த வருஷம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றும் சொன்னாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

எனக்கு எல்லாம் அந்த இலைகளில் இருந்தது. போய்ச் சேர்ந்தால் ஊர். சேராவிட்டால் லயம்.

4

அருக்காணி ஊரைப் பார்த்தது ஒரு தடவைதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் தகப்பனார் செத்த காரியத்துக்குப் போனோம். அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்தோம்.

போன முதல் நாள் காலையில் அவள் அத்தையிடம், "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். இங்கே தேநீருக்கு அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை பிறந்தது முதல் விடிந்ததும் அதைத்தான் குடிக்கிறது. அக்கா வீட்டில் கம்மஞ்சோற்றுத் தண்ணீர்தான் காலையில். தெருவில் முக்கால்வாசிப் பேர் தேயிலையைக் கண்ணால் பார்த்ததில்லை. குமரேசன் அதைப் பிடித்துக்கொண்டான். "ஏ, தேத்தண்ணி," என்று கூப்பிட்டான். தெருப் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். இரண்டாம் மாதம் பெரியவர்களும் கூப்பிட்டார்கள். போகிற போக்கில், பாசமாகத்தான்.

அங்கே கிணறு ஆழம். கயிறு இழுத்துப் பழக்கமில்லாத பிள்ளைக்கு உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அக்கா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "கையி பூவாட்ட இருக்குது அம்மிணி. இதை வெச்சு என்ன பண்றது, கும்புடறதா?" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அருக்காணியும் சிரித்தாள். நான் பார்த்தேன். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது கடலுக்கு அந்தப் பக்கத்து முகாமில் எங்களை நிறுத்தி வைத்தார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க. உடுப்பையெல்லாம் மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்தார்கள். பாவாயி அழுதாள். அருக்காணி அழவில்லை. கப்பலில் ஏறியதும், "அப்பா, இனிமே இங்க வர வேணாம்," என்றாள். அலுப்பில் சொல்கிறாள் என்று விட்டேன்.

5

பனிக்காலத்தில் வயலட்டு இலை அனுப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் பயன்படட்டும் என்று கட்டிய விதத்தை எழுதுகிறேன்.

இலை கிள்ளுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே செடிக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும். நீர் கோத்த இலை குளிரில் வெடிக்கும். அடி இலை கிழடு, குருத்து இலை தாங்காது. நடு அடுக்கு இலைதான் எடுக்க வேண்டும். காம்பைச் சாய்வாக அறுத்து, அறுத்த வாய் ஆறும் வரை பலகையில் பரப்பி வைக்க வேண்டும். காம்படிக்கு மட்டும் மரப்பாசி. அதையும் கையால் பிழிந்து, சொட்டு விழாது என்று தெரிந்த பிறகு வைக்க வேண்டும். பாசிக்கு மேலே மெழுகுத்தாள் சுற்ற வேண்டும். இலைத் தலை உலர்ந்த பஞ்சில் இருக்க வேண்டும். நான் இலவம்பஞ்சு வைத்தேன். இலையோடு இலை உரசக் கூடாது.

பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்தேன். உள்பெட்டிக்குப் பக்கத்தில், தொடாமல், வெந்நீர் நிரப்பிய பீங்கான் சீசா ஒன்றைத் துணி சுற்றி வைத்தார் துரைசானி. மலை இறங்கும் வரை அந்தச் சூடு போதும். கீழே போய்விட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

இலைக்கு நோயில்லை என்று முத்திரை போட்ட காகிதம் ஒன்று வேண்டியிருந்தது. கருப்பண்ணனுக்கும் ஒரு காகிதம் வேண்டியிருந்தது. இலைக்குச் சீக்கிரம் கிடைத்தது.

கருப்பண்ணன் எங்கள் பக்கத்து ஆள். அவன் தகப்பனும் கொடிக்காலில் இருந்தவர். பக்கத்துத் தோட்டத்தில் வேலை. தாயைப் பார்க்க ஊருக்குப் போகிறவன், சேலத்தில் இறங்கி ஏற்காடு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். நல்லவன். வாய் ஓயாது.

அவனிடம் எல்லோர் எதிரிலும் சொன்னேன். பெட்டியை ரயில் தரையில் வைக்காதே. ஜன்னலோரம் வைக்காதே. இரும்பில் சாய்க்காதே. மடியில் வைத்துக்கொள். போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்க விடாதே, பெட்டி அந்த வீட்டுக் காற்றுக்கு ஒரு பொழுது பழகட்டும். முக்கியமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

"இலையுங்களா? தண்ணி படாமயா?" என்றான் அவன். "கொடிக்கால்ல இப்படிச் சொன்னா எங்கப்பன் என்னையும் சேத்திக் கொடியிலயே கட்டிப்போட்டிருப்பாருங்கண்ணா."

"இது அந்த இலை இல்லை."

"ஆகட்டுங்க. நமக்கெதுக்குங்க வம்பு. சொன்னபடி செய்யறேனுங்க."

துரைசானியும் விரலை ஆட்டி, "குளி ஆகாது," என்றார். கருப்பண்ணன் அவருக்கும் ஒரு ஆகட்டுங்க சொன்னான்.

வெளியே அன்றைக்கும் புல் வெள்ளையாகத்தான் இருந்தது. அருக்காணி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வாசல் கேட்டு வரைக்கும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். வண்டி கிளம்பும் வரை நின்றுவிட்டு வந்தாள். பொறுப்பான பிள்ளை என்று துரைசானி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

6

மாசி மாதம் ஏற்காட்டு அம்மாளிடமிருந்து துரைசானிக்குக் கடிதம் வந்தது. துரைசானி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பெட்டி வந்ததாம். உள்ளே இருந்தது இலை இல்லையாம், கறுப்புக் கஞ்சியாம். பஞ்செல்லாம் ஊறிக் கிடந்ததாம். பெங்களூருக்குச் செடிக்கும் ஆளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"பரவாயில்லை, செங்கோடா," என்றார்.

அவருக்குப் பரவாயில்லை. பங்குனியில் கப்பலேறிப் போய்விட்டார். செடிகளைச் சிநேகிதிகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். நல்ல சட்டை. இன்னும் போடுகிறேன்.

நாங்கள் லயத்துக்குப் போனோம். வைகாசியில் குமரேசனுக்கு வெண்ணந்தூரில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. பத்திரிகை வரவில்லை.

பஞ்சு ஊறியது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பாசியை இன்னும் பிழிந்திருக்க வேண்டுமோ, சீசா உடைந்ததோ, கப்பலில் மழை பட்டதோ என்று வேலை செய்யும்போதெல்லாம் யோசித்தேன். மனசுக்குள் அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் கட்டினேன். "உட்டுத் தள்ளுங்க. அதையே எத்தன நாளைக்குப் பேசுவீங்க?" என்றாள் பாவாயி. அருக்காணி பேச்சு எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். பிள்ளைக்குக் கல்யாணம் தட்டிப்போன வருத்தம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

7

கருப்பண்ணன் ஆவணியில் திரும்பி வந்தான். நேரே எங்கள் லயத்துக்குத்தான் வந்தான். அருக்காணி அப்போது ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலைக்குப் போயிருந்தாள். பாவாயி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஊர் நிலவரமெல்லாம் சொன்னான். மழையில்லை, கிணறு அடி தெரிகிறது, அக்கா மூட்டு வலியால் எழுந்திருப்பதில்லை. பிறகு அவனே இலைப் பேச்சை எடுத்தான்.

"அந்த இலை செத்துப்போச்சுன்னு கேட்டதும் எனக்கு மனசே இல்லைங்கண்ணா. எத்தனை பாடுபட்டுக் கொண்டுபோனேன். ரயில் ஏறற நானு ஓயா ஸ்டேஷன்லயே தொறந்து பாத்தனுங்க. பாவம், பஞ்சுக்குள்ள மூச்சு முட்டிக் கெடந்துச்சு. கொழாய்த் தண்ணியப் புடிச்சு ரெண்டு கையாலயும் தெளிச்சேன். கை வெறைச்சுப் போச்சுங்க. அப்பறம் பெரிய ஸ்டேஷன் வந்தாப் போதும், எறங்கித் தெளிப்பேன். ஒரு நேரம் தப்பலைங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். தண்ணீர் படக் கூடாது என்று சொன்னேனே என்றேன்.

"நீங்க சொன்னீங்க. நெனப்பு இருந்துதுங்க. ஆனா நம்ம அம்மிணி வாசக் கேட்டுக்கிட்ட வந்து சொல்லுச்சே."

"என்ன சொல்லுச்சு?"

"அப்பா தண்ணி வேண்டாம்னது காம்புக்குத்தான் சித்தப்பா, எலைக்கு நல்லாத் தெளிக்கோணும், இல்லாட்டி வாடிப்போயிரும்னுச்சு. கண்ணாடி ஊட்லயே வேலை செய்யற புள்ள. அதுக்குத் தெரியாததுங்களா?" கருப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கும் அதுதான் செரின்னு பட்டுது. கொடிக்கால்காரன் மவன் கையில போயி இலை வாடுச்சுன்னு பேரு வரப்படாது பாருங்க."

பாவாயி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"நல்லாச் செஞ்சே," என்றேன் அவனிடம். வேறென்ன சொல்வது. அவன் மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்து ஆள் எவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அவனும் அப்படித்தான் செய்திருப்பான். அது தெரிந்துதான் அவளும் சொல்லியிருக்கிறாள்.

8

பொழுது சாய அருக்காணி வந்தாள். வாசலில் கால் கழுவினாள். சோப்புத் தண்ணீரில் ஊறிக் கை வெளுத்திருந்தது.

"கருப்பண்ணன் வந்திருந்தான்," என்றேன்.

"ம்."

"தண்ணி தெளிக்கச் சொன்னது நீயா?"

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். அதைக் கொடியில் போட்டாள். சுருக்கம் எடுத்து நேராகப் போட்டாள்.

"நான்தான்."

"செத்துப்போகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

நான் கையை ஓங்கினேன். பாவாயி நடுவில் வந்து நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். இந்தப் புகையிலும் ஈரத்திலும் கிடப்பதற்கா என்று கேட்டேன். அவள் குரல் உயரவில்லை.

"அந்த ஊர்ல எனக்குப் பேரு தேத்தண்ணி. இங்க அருக்காணின்னு ஒரு பேர் இருக்கு. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். கப்பல்ல சொன்னேன். பெட்டி கட்டுறதுக்கு முந்தியும் சொன்னேன். அம்மாதான் காது குடுத்துக் கேட்டாங்க."

பாவாயியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

அருக்காணி சொல்லித்தான் இருப்பாள். வீட்டில் பெண்பிள்ளை சொல்வதற்கெல்லாம் காது கொடுத்துக்கொண்டிருந்தால் எந்தக் காரியம் நடக்கும்? ஊரில் உங்களில் யார் கேட்பீர்கள்?

அதற்குப் பிறகு அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சோறு போட்டால் சாப்பிடுவேன். வேண்டும், வேண்டாம் என்று கையால் காட்டுவேன்.

9

இரண்டு வருஷம் கழித்து அவளே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். சிங்களவன், பெயர் பியசேன. ரொட்டி சுடுகிற கடையில் வேலை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறான். லயத்தைவிட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு வந்து கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். தேடிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் எனக்குக் கசப்பு.

பேரனுக்கு நாலு வயது. தாயிடம் பாதித் தமிழ், தகப்பனிடம் முழுச் சிங்களம். என்னை "சீயா" என்கிறான். அவர்கள் பாஷையில் தாத்தா. நம் பக்கத்தில் தாயைப் பெற்றவரை அப்புச்சி என்போம். அப்படிக் கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு அது "அப்பச்சி" என்று வந்தது. உள்ளே படுத்திருந்த பியசேன எழுந்து ஓடி வந்தான், என்ன வேண்டும் என்று. சிங்களத்தில் அப்பச்சி என்றால் தகப்பனாம். பாவாயியும் அருக்காணியும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். விட்டுவிட்டேன். சீயா என்றே கூப்பிடட்டும்.

நான் இப்போது ஒரு தங்கல் விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறேன். பனி விழுகிற காலத்தில் விடிவதற்கு முன் போய் நாற்றுக்கு மேலே போட்ட சாக்குகளை எடுத்து உதறுவேன். விடுதிக்காரருக்கு வயலட்டு வேண்டுமாம். எங்கேயாவது இலை கிடைக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். குமரேசனுக்கு மூன்று பிள்ளைகளாம். ஏற்காட்டில் அந்த அம்மாள் தோட்டத்தை விற்றுவிட்டாராம். ஊரில் எனக்குக் காடு தோட்டம் இல்லை, வீடு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

போன வாரம் ஒரு ஆபீசர் வந்தார். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் யார் இங்கேயே இருக்கிறார்கள், யார் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆபீசர் இங்கிலீஷில் கேட்டார். கூட வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் தமிழில் சொன்னார். அவர் தமிழ் எனக்குப் பாதி, என் தமிழ் அவருக்குப் பாதி. எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்டார். பஞ்சம் வந்த வருஷம் என்றேன். எந்தப் பஞ்சம் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவராக ஒன்றை எழுதிக்கொண்டார்.

பியசேன ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டான். அருக்காணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரன் பாவாயி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டில் எத்தினை பேர் இந்தியாவுக்குப் போறியள்?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் பேரனின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, "எனக்கு இங்கியே ஆகட்டுங்க," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஆபீசரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அங்க யாரு இருக்கா?" என்றாள் அருக்காணி.

பல வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகக் கேட்ட கேள்வி அதுதான். யாழ்ப்பாணத்துக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடியும், எத்தினை பேர் என்றார்.

ஒன்று என்றேன்.